கில்வா தீவை ஆறு முறை பார்த்தவன்

தாருஸ்ஸலாம்
செப்டம்பர் 6

சகலருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: சான்சிபார் மலிந்திப் பேட்டையைச் சேர்ந்த மக்காமே அவர்களின் வலது கால் செருப்பு, நேற்றுக் காலை ஒன்பதரை மணியளவில் இந்துமகா சமுத்திரத்தில் அகால மரணமடைந்தது. இடது செருப்பு ஆழ்ந்த துக்கத்தில் இருக்கிறது. மலர்வளையம் வேண்டாம். புதுச் செருப்பாக அனுப்பினால் ஏற்றுக்கொள்ளப்படும்.

அன்புள்ள ரயா அக்காவுக்கு சலாம். நான் நலம். அம்மா, நீ, பூனை, உன் நாஸர் ஆகிய நால்வரும் நலமா? (வரிசை தவறென்றால் நாஸர் மன்னித்துவிடுவார். பூனை மன்னிக்காது.)

செருப்பு போன விதத்தைச் சொல்கிறேன். கப்பல் ஓரத்தில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் இடம்வரை பச்சை. அதற்கப்புறம் நீலம். நடுவில் யாரோ அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல ஒரு கோடு. அதைத் தாண்டும்போது ஒரு தூக்கத்திலிருந்து இன்னொரு தூக்கத்துக்குள் நுழைவதுபோல இருந்தது. சுகமாகக் காலை ஆட்டினேன். அவ்வளவுதான்.

மாமா வீட்டில் தங்கியிருக்கிறேன். "எங்கடா கிளம்பிட்டே?" என்றார். "சரித்திரப் புகழ்பெற்ற இடங்களைப் பாக்க" என்றேன். "பள்ளிக்கூடத்துல சரித்திரம் உன்னைப் பாத்து ஓடுச்சு. இப்ப நீ அதை விரட்டிக்கிட்டுப் போறியா?" என்றார்.

நீ துறைமுகத்தில் காதில் சொன்ன விஷயத்தைப் பற்றிக் கவலையை விடு. அவரைக் கண்டதும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவேன். "அப்பா, நான் உங்க மகன். அக்காவுக்குக் கல்யாணம். நீங்க வந்து அவளைக் கொடுத்தாத்தான் நடக்கும். கிளம்புங்க." முடிந்தது. கண்ணாடி முன் பதினோரு முறை சொல்லிப் பார்த்தேன். கண்ணாடியே கிளம்பத் தயாராகிவிட்டது.

இப்படிக்கு,
ஒற்றைச் செருப்போடு, ஆனால் இரண்டு காலிலும் நிற்கும்
உன் தம்பி மக்காமே


சான்சிபார்
செப்டம்பர் 15

அன்புத் தம்பி மக்காமேவுக்கு அக்காவின் சலாம்.

இங்கு எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. உன் கடிதத்தை உரக்கப் படித்தேன். செருப்புக்கு அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். கடைசிப் பத்திக்கு வந்ததும் அடுப்பில் என்னவோ தீய்கிறது என்று எழுந்து போனாள். அடுப்பு பற்றவைக்கவே இல்லை.

விளையாட்டை ஓரமாக வைத்துவிட்டு இதைக் கேள். டிசம்பர் முதல் வெள்ளிக்கிழமை என்று நாஸர் வீட்டார் நாள் குறித்துவிட்டார்கள். அதற்குள் நடக்காவிட்டால் நோன்பு வந்துவிடும், அப்புறம் எல்லாம் தள்ளிப்போகும். கல்யாணம் நடத்திவைக்கும் காஜி வந்து கேட்டார். "பொண்ணோட தகப்பன் உயிரோட இருக்காரா?" இருக்கார். "எங்கே?" கில்வா பக்கம். "அப்ப அவர்தானே மாப்பிள்ளை கையைப் பிடிச்சு, என் மகளைத் தந்தேன்னு சொல்லணும்?" ஆள் கண்காணாத இடத்தில் இருந்தால், தகப்பன் இடத்தில் தானே நின்று பெண்ணைக் கொடுக்கலாம் என்று காஜி சொல்கிறார். அது செல்லும். ஆனால் உயிரோடிருக்கும் தகப்பன் வராத கல்யாணம் என்று நாஸரின் அத்தைகள் என் பிள்ளைகளின் கல்யாணம்வரை பேசுவார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. அம்மாவுக்குத் தலாக் சொல்லிவிட்டு அவர் போனபோது எனக்குப் பதின்மூன்று வயது, உனக்கு ஆறு. பத்து வருடத்தில் ஒரு கடிதம் இல்லை. வருகிறேன், அல்லது வரமாட்டேன். இரண்டில் ஒன்றை அவர் வாயால் கேட்க வேண்டும் எனக்கு. அதற்குத்தான் உன்னை அனுப்பினேன். கல் எண்ண இல்லை.

புதுச் செருப்பு வாங்கிக்கொள். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
ரயா


பகமோயோ
செப்டம்பர் 24

மேன்மை தங்கிய மணமகள் அவர்களின் திருச்சமுகத்துக்கு, பயணியும் ஆராய்ச்சியாளருமான மக்காமே சலாம் கூறி எழுதுவது. நலம். நலமே உண்டாகட்டும்.

நீ கல்யாணத்தைப் பற்றி எழுதியிருந்தாய். நான் கல்லைப் பற்றி எழுதுகிறேன். "யாணம்" மட்டும்தான் குறை. அதைக் கில்வாவிலிருந்து கொண்டுவருகிறேன்.

இங்கே காவோலே என்று ஓர் இடம். பவளக் கல்லில் கட்டிய பள்ளிவாசல் கூரையில்லாமல் நிற்கிறது. பக்கத்தில் கல்லறைகள், ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் என்னைவிட உயரமான தூண். தூணில் குழி குழியாக இருக்கிறது. அதிலெல்லாம் ஒரு காலத்தில் சீனத்துக் கிண்ணம் பதித்திருந்தார்களாம். கிண்ணங்களை எடுத்துப் போய்விட்டார்கள், அவற்றின் வட்டம் மட்டும் இருக்கிறது. மத்தியான வெயிலில் அந்த வட்டங்களை வெகுநேரம் பார்த்தேன். இல்லாத கிண்ணங்கள் என்னைப் பார்த்தன.

ஒரு காலத்தில் இதன் வாசலில் கப்பல் நின்றதாம். இப்போது கடல் எங்கேயோ தள்ளிப் போய்விட்டது. இடையில் அலையாத்திக் காடு, சேறு, நண்டு. ஒரு நண்டு ஒற்றைக் கொடுக்கை ஆட்டி ஆட்டி என்னை வா வா என்றது. போனேன். புதுச் செருப்பின் வலது கால் சேற்றில் போய்விட்டது. என் வலது காலுக்கும் தண்ணீருக்கும் ஏதோ ஒப்பந்தம்.

கில்வாவுக்குப் போகுமுன் இந்த மாதிரி இடங்களைப் பார்த்துப் பழக வேண்டும், அக்கா. நேராகப் போனால் மனது தாங்காது. சரித்திரத்தைச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு என் சலாமும், அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லி என் வேண்டுகோளும்.

உன்,
சேற்றில் முத்து


சான்சிபார்
அக்டோபர் 3

தம்பி மக்காமேவுக்கு சலாம். இங்கு நலம்.

பகமோயோ தாருஸ்ஸலாமுக்கு வடக்கே. கில்வா தெற்கே. உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும்.

ரயா


கில்வா மசோகோ
அக்டோபர் 14

அன்புள்ள அக்காவுக்குக் கில்வாவிலிருந்து, ஆம், தெற்கிலிருந்து, சலாம். என் முதுகெலும்பைத் தவிர மற்றதெல்லாம் நலம். அது ருஃபிஜி ஆற்றுக்கு இந்தப் பக்கம் எங்கோ விழுந்துவிட்டது. இரண்டு நாள் பேருந்து. மிதவைப் படகில் பேருந்தோடு ஆற்றைக் கடந்தபோது நீர்யானைகள் மூக்கை மட்டும் நீட்டி எங்களை எண்ணின. பேருந்துக்காரர் சொன்னார், "பயப்படாதே, அதுங்களுக்குச் சதைப்பிடிப்பா இருக்கணும்." இது எனக்கு ஆறுதலா அவமானமா என்று தீர்மானிப்பதற்குள் அக்கரை வந்துவிட்டது.

தவுசி அம்மா என்பவர் நடத்தும் விடுதியில் அறை. தினமும் தேங்காய்ப்பாலில் பயறு, மரவள்ளி, இஞ்சித் தேநீர். வாய் ஓயாத மனுஷி.

பழைய நகரம் எதிரே தீவில் இருக்கிறது. அதைப் பார்க்க இங்குள்ள அலுவலகத்தில் ஒருநாள் அனுமதிச் சீட்டு வாங்கி, பாய்மரப் படகில் கடந்து, கரையில் நிற்கும் வழிகாட்டியிடம் அதைக் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். "என் பெயர் ஜுமா. தாருஸ்ஸலாமில் மாணவன். கட்டுரை எழுத வந்திருக்கிறேன்" என்றும் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதே. பயணத்தில் மாறுவேடம் பூணுவது அரசர்கள் வழக்கம். அந்த வழிகாட்டி ஒரு நொடி கூடச் சந்தேகப்படவில்லை. "வாங்க ஜுமா தம்பி" என்று கூட்டிக்கொண்டு போனார். நடிப்பில் நான் எங்கேயோ போய்விட்டேன், அக்கா.

அந்தத் தீவைப் பற்றி எப்படிச் சொல்வது? கரையில் கோட்டை, பாதி இடிந்தது. உள்ளே நடந்தால் பருத்த பாவோபாப் மரங்கள். நடுவில் பெரிய பள்ளிவாசல், வரிசை வரிசையாகத் தூண்கள், மேலே சின்னச் சின்னக் குவிமாடங்கள். சில குவிமாடங்கள் இல்லை. இல்லாத இடத்தில் வானம் வட்டமாக உட்கார்ந்திருக்கிறது. வெயில் தூணுக்குத் தூண் நகர்ந்து, யாரோ தொழுகைக்கு இடம் தேடுவதுபோல மெல்லப் போகிறது. அங்கே நின்றால் நம் குரலே நமக்கு அதிகப்படியாகத் தெரிகிறது. நானே பேசாமல் இருந்தேன் என்றால் பார்த்துக்கொள்.

பிறகு மேட்டில், கடலைப் பார்த்தபடி சுல்தானின் அரண்மனை. எட்டுப் பக்கம் உள்ள குளம் ஒன்று அங்கே காய்ந்து கிடக்கிறது. வழிகாட்டி சொன்னார், "இதுல சுல்தான் குளிச்சார்னு எல்லாரும் சொல்வாங்க. நான் பாக்கல. நீ பாத்தியா?"

"இல்ல."

"அப்ப நம்ம ரெண்டு பேரும் உண்மையான ஆளுங்க. வா, போவோம்."

நல்ல மனிதர். நீ சொன்ன நபரைத் தேட இன்னும் நேரம் கிடைக்கவில்லை. நாளை மறுபடி தீவுக்குப் போகிறேன். சரியாகப் பார்க்கவில்லை என்று ஒரு எண்ணம்.

உன்,
ஜுமா (வேஷம் கலையாதவன்)


கில்வா மசோகோ
அக்டோபர் 22

அக்காவுக்கு மறுபடி நானே சலாம். உன் பதில் வரும்வரை காத்திருக்கலாம்தான். ஆனால் மழை பிடித்துக்கொண்டிருக்கிறது, தபால் கொண்டுவரும் பேருந்து எப்போது வருமோ. அம்மாவின் முழங்கால் எப்படி?

தீவை நான்கு முறை பார்த்துவிட்டேன். வழிகாட்டி கேட்டார், "இன்னைக்கும் நீதானா? கட்டுரை எத்தனை பக்கம் ஆச்சு?"

"முந்நூறு."

"எந்த வருஷம் வரைக்கும் வந்திருக்கே?"

"இன்னும் முதல் சுல்தான் படகுல இருந்து இறங்கல."

"பாவம், கால் வலிக்கும். சீக்கிரம் இறக்கிவிடு" என்றார்.

கதை வரப்போகிறது என்றால் அவர் இரண்டு முறை தொண்டையைச் செருமுவார். நேற்று அப்படிச் செருமிவிட்டுச் சொன்ன கதை இது. ஆதியில் இந்தத் தீவு உள்ளூர்த் தலைவர் ஒருவருடையதாம். கடல் கடந்து வந்த இளவரசன் விலைக்குக் கேட்டான். "தீவைச் சுற்றி வரும் அளவுக்குத் துணி கொடு" என்றார் தலைவர். கொடுத்தான். அவர் துணியைச் சுருட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றியிருந்த நேரத்தில் நடந்தே அக்கரைக்குப் போய்விட்டார். கொஞ்ச நாளில் மனம் மாறித் திரும்பி வந்தார். அதற்குள் இளவரசன் ஓதி ஓதிக் கடலை ஆழமாக்கிவிட்டான். நடந்து போன வழி மூழ்கிவிட்டது.

இதைச் சொல்லிவிட்டு அவர் அக்கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "வர்ற ஜனமெல்லாம் இளவரசனைப் பத்தித்தான் கேக்கும், தம்பி. கெட்டிக்காரன்னு. எனக்கு மத்தவனைப் பத்தித்தான் நெனப்பு. துணிமூட்டையோட அந்தக் கரையில எத்தனை நாள் நின்னிருப்பான்? யாராவது ஒரு படகு அனுப்பியிருக்கலாம்ல?"

நான் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லியிருக்க வேண்டும். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. பாய்மரம் ஒன்று சத்தமில்லாமல் போனது. ஓட்டுகிறவர் தூங்கிவிட்டாரோ என்று தோன்றியது.

பயறு அலுத்துவிட்டது.

மக்காமே


சான்சிபார்
அக்டோபர் 31

அன்புள்ள தம்பிக்கு சலாம். அம்மாவும் நானும் நலம். நாஸரும் நலம் விசாரித்தார். உன் இரண்டு கடிதமும் ஒன்றாக வந்தன.

முதல் கடிதத்தை அம்மாவுக்குப் படித்தேன். இரண்டாவதைப் படிக்க ஆரம்பித்து, செருமல் வந்த இடத்தில் என் குரல் நின்றுவிட்டது. "ஏன் நிறுத்திட்டே?" என்றாள். எழுத்து புரியவில்லை என்றேன். "அவன் எழுத்து எப்பப் புரிஞ்சுது?" என்று சொல்லிவிட்டுத் துணியை மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

கோட்டை எவ்வளவு இடிந்திருக்கிறது என்பதுவரை எழுதியிருக்கிறாய், மக்காமே. குளத்துக்கு எத்தனை பக்கம் என்று எழுதியிருக்கிறாய். ஒரு வழிகாட்டியைப் பற்றி இத்தனை எழுதிவிட்டு அவர் பெயரை மட்டும் எழுதவில்லை.

எனக்குச் சின்ன வயதில் கதை சொன்னவர் ஒருவரும் இரண்டு முறை செருமித்தான் தொடங்குவார். நீ கைக்குழந்தை, உனக்கு நினைவிருக்காது.

அவர் பெயர் என்ன?

ரயா


கில்வா மசோகோ
நவம்பர் 9

அக்கா, சலாம்.

ஷொமாரி பக்காரி.

வந்த அன்றே தெரியும். தவுசி அம்மாவிடம் அந்தப் பெயர் சொல்லி விசாரித்தேன். "ஷொமாரியா? தீவுல வழிகாட்டி. ஒத்தை ஆளு, தானே மீன் கழுவித் தானே சமைச்சுத் தானே குறை சொல்லிச் சாப்பிடுவார். நாளைக்கு உனக்கு அவரையே பிடிச்சுத் தரட்டுமா?" என்றார். பிடித்துத் தந்தார். படகிலிருந்து இறங்கினேன். எதிரே நம் வீட்டுக் கண்ணாடியில் நான் பார்க்கும் அதே காதுகள், நரைத்த முடியோடு. பேச்சு தொண்டைவரை வந்தது. வாயைத் திறந்தால் ஜுமா வந்தான்.

நான் பயப்படுகிறேன் என்று நினைக்காதே. ஆராய்ச்சி செய்கிறேன். ஒருவேளை நான் சொல்லி, அவர் "எந்த மக்காமே?" என்று கேட்டால் அதற்குப் பதில் எழுதி வைக்க வேண்டாமா? இதுவரை எழுத வரவில்லை. ஜுமாவிடம் அவர் சிரித்துச் சிரித்துப் பேசுகிறார், அக்கா. தன் பங்கு மரவள்ளியைப் பிட்டுக் கொடுத்தார். மக்காமேவிடம் எப்படி இருப்பாரோ தெரியாது.

இரண்டு நாளாகக் காற்று, படகு போகவில்லை. நின்றதும் போய்ச் சொல்லிவிடுவேன். நிச்சயம். ஒரே மூச்சு.

மக்காமே


சான்சிபார்
நவம்பர் 16

என் அன்புத் தம்பிக்கு சலாம்.

நீ ஒரு கழுதை. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

இந்தத் தடவை உன் கடிதத்தை முழுக்கப் படித்தேன், அம்மா முன்னால். நிறுத்தவில்லை. அம்மா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். அப்புறம், "பதினாறு வயசுப் பையன் தலையில இதைத் தூக்கி வச்சியே. நான் கேக்க வேண்டிய கேள்வி இது. பத்து வருஷமா நானே கேக்கல" என்றாள். பத்து வருடத்தில் அவரைப் பற்றி அவள் சொன்ன முதல் வார்த்தை. பிறகு மெதுவாக, "மெலிஞ்சிருக்காரான்னு எழுதினானா?" என்றாள். நீ எழுதவில்லை.

நேற்று காஜியிடம் போய், நீங்களே நின்று கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன். நாஸருக்கு அதில் குறையில்லை. அத்தைகளுக்கு வாய் இருக்கிறது, பேசட்டும்.

எனக்கு அப்பாவின் வார்த்தை வேண்டாம். வந்தால் வாசல் திறந்திருக்கும். வராவிட்டால் அவர் அங்கேயே நின்று அக்கரையைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். ஆனால் என் கல்யாணத்தில் என் தம்பி இல்லாமல் இருக்கக்கூடாது. உனக்குச் சொல்ல வரவில்லை என்றால் பரவாயில்லை. சொல்லாமலே வா. போதும் பார்த்தது.

ரயா


கில்வா மசோகோ
நவம்பர் 24

வெற்றி! வெற்றி! வெற்றி!

அன்பு அக்காவுக்கும், பாசமிகு அம்மாவுக்கும், வருங்கால மைத்துனருக்கும், பூனைக்கும் மாவீரன் மக்காமேவின் சலாம். நலம். பெரு நலம்.

உன் கடிதம் நேற்று முன்தினம் வந்தது. நேற்றே தீவுக்குப் போனேன். ஆறாவது முறை. பெரிய பள்ளிவாசலின் நடுத்தூண் அருகே நின்று, மார்பை நிமிர்த்தி, "ஷொமாரி பக்காரி அவர்களே!" என்றேன். புறாக்கள் எழும்பிப் பறந்தன. பிறகு நான் பேசினேன் பார், அரை மணி நேரம். பத்து வருடத்தையும் வரிசைப்படுத்தினேன். தகப்பன் கடமை, மகள் பெருமை, நோன்புக்கு முந்திய வெள்ளிக்கிழமை ஒன்றையும் விடவில்லை. அவர் தேம்பித் தேம்பி அழுதார். "போதும் மகனே, இதுக்கு மேல தாங்காது, வரேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் பெருந்தன்மையோடு தோளில் தட்டிக்கொடுத்தேன்.

காஜியிடம் ஓடிப்போய் அவரை உட்காரச் சொல். டிசம்பர் 3, வியாழக்கிழமைக் கப்பலில் வருகிறோம். இரண்டு பேர்.

மெலிந்துதான் இருக்கிறார். அம்மாவிடம் சொல்.

இப்படிக்கு,
நாவலன் மக்காமே


தாருஸ்ஸலாம்
டிசம்பர் 1, செவ்வாய்

அன்புள்ள ரயா அக்காவுக்குத் தம்பியின் சலாம்.

இருவரும் நலமாக வந்து சேர்ந்தோம். மாமா வீட்டில் அப்பா பக்கத்து அறையில் தையல்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். வெள்ளை அங்கி தைக்கக் கொடுத்திருக்கிறார், தோள் பிடிக்கிறதாம். வியாழன் காலைதான் கைக்கு வரும். இந்தக் கடிதத்தை நாளைக் கப்பலில் தெரிந்தவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். எங்களுக்கு முன்னால் உன்னிடம் வந்தாக வேண்டும். காரணம், அப்பா உங்கள் எல்லோரிடமும் நடந்ததைச் சொல்லப்போகிறாராம். பேருந்தில் இரண்டு நாளும் சொல்லிப் பழகினார், ஒவ்வொரு நிறுத்தத்திலும், முன்பின் தெரியாதவர்களிடம். அவர் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுவது மரியாதை.

சென்ற கடிதத்தில் புறாக்கள் பறந்தது மட்டும் உண்மை.

ஆறாம் முறை நான் போனது விடைபெற. நீதான் சொல்லாமலே வா என்றாயே. சுற்றிப் பார்த்தோம். பள்ளிவாசலில் நின்று, "நாளைக்கு ஊருக்குப் போறேன், கட்டுரை முடிஞ்சுது" என்றேன். ஜுமாவாகத்தான்.

அவர் தலையிலிருந்து தொப்பியைக் கழற்றினார். உள்ளே மடித்து வைத்திருந்த சீட்டுகளை எடுத்தார். ஆறும். ஒவ்வொன்றாகப் பிரித்து வாசித்தார். "மக்காமே ஷொமாரி பக்காரி, சான்சிபார். மக்காமே ஷொமாரி பக்காரி, சான்சிபார்."

அக்கா, அந்த அலுவலகத்தில் அடையாள அட்டையைப் பார்த்துத்தான் சீட்டு எழுதுகிறார்கள். என் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர். அந்தச் சீட்டை நானே ஒவ்வொரு முறையும் அவர் கையில் கொடுத்துவிட்டு, என் பெயர் ஜுமா என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். தன் சொந்தப் பெயரை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு அவரிடமே வேஷம் போட்டவன் இந்தக் கடற்கரையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"முதல் நாளே படிச்சிட்டீங்களா?" என்றேன்.

"எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு நேரமாகும். ஆனா இந்தப் பேரு மூணும் எனக்கு மனப்பாடம்."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா நீ அடுத்த நாள் வராம போயிட்டா? நீ ஜுமாவா வந்தா எனக்குப் போதும்னு இருந்துச்சு. தினம் காலையில படகைப் பாப்பேன், இன்னைக்கு வருவானான்னு." இரண்டு முறை செருமினார். கதை ஒன்றும் வரவில்லை.

அந்த இடத்தில்தான் அழுகை. அழுதது அவர் இல்லை, நான். நடுத்தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மூக்கு ஒழுக, விக்கி விக்கி, கால் உதறாத குறை. அந்நேரம் பார்த்து இத்தாலிக்காரர்கள் நான்கு பேர் உள்ளே வந்தார்கள். இது இங்கே ஏதோ வேண்டுதல் முறை என்று நினைத்து, மரியாதையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு என்னைப் படம் பிடித்தார்கள். ஓர் அம்மா பக்கத்துத் தூணைக் கட்டிப்பிடித்துப் பார்த்தாள். அப்பா அவர்களைத் தடுக்கவில்லை. "ரொம்பப் பழைய வழக்கம்" என்று விளக்கமும் சொன்னார்.

பேச்சு ஒன்றும் நடக்கவில்லை என்பதால், பையில் இருந்த உன் கடிதத்தை எடுத்து நீட்டினேன். உன் அனுமதி இல்லாமல். கழுதை என்ற வரியில் நின்று, "உங்கக்கா அளந்துதான் எழுதியிருக்கா" என்றார். மீதியைப் படிக்க எடுத்துக்கொண்டு மேட்டு அரண்மனைக்குப் போய், அந்த வறண்ட குளத்தின் படியில் உட்கார்ந்தார். நான் மேல்படியில். தூரத்தில் நீர் இறங்கி, மணல் திட்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. வெளிச்சம் தேனாகி, செம்பாகி, சாம்பலானது. அவர் ஒரு பக்கத்தையே வெகுநேரம் வைத்திருந்தார். எந்தப் பக்கம் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. பொய். பார்த்தேன். மெலிஞ்சிருக்காரா என்று அம்மா கேட்ட பக்கம்.

பிறகு எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, "கப்பல் என்னைக்கு?" என்றார்.

உன் கடிதம்தான் அவரை அழைத்து வருகிறது, அக்கா. என் சொற்பொழிவு இல்லை. பதினோரு முறை கண்ணாடியிடம் சொன்னதில், அந்தத் தூணருகே என் வாயிலிருந்து வந்தது மொத்தம் ஒரே வார்த்தை. "அப்பா". அதிலும் முதல் பாதிதான் வெளியே வந்தது. மீதியை நான் விக்கிக்கொண்டிருந்தபோது அவரே சொல்லி முடித்துக்கொண்டார்.

உன் தம்பி,
மக்காமே ஷொமாரி பக்காரி